பட்டியலில் இல்லாத பெயர்

18 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆவது பிரிவு. ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்தத் தொகுதியில் ஓட்டுப் போட முடியாது என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு. உரிமை பிறப்பதும் அது கைக்கு வருவதும் இப்படி இரண்டு வெவ்வேறு இடங்களில் நடக்கின்றன. கைக்கு வரும் இடம் பட்டியலில் ஒரு பாகம் எண், அந்தப் பாகத்துக்குள் ஒரு வரிசை எண். பூத் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் எல்லாத் தேர்தலிலும் இருக்கிறார்கள். அவர்களும் குடிமக்கள்தான், வயதும் நிறைந்திருக்கிறது, பலர் கையில் ஓட்டர் ஐடியும் இருக்கிறது. அந்த வரிசை எண் மட்டும் இருப்பதில்லை.

ஓட்டர் ஐடி இருந்தால் ஓட்டு இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இதில் பெரிய தடுமாற்றம். டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993-இல், வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை கொண்டுவரப்பட்டது. ஒருவர் பெயரில் இன்னொருவர் ஓட்டுப் போடுவதைத் தடுப்பதே அதன் வேலை. வந்திருப்பவர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். பட்டியலில் அவர் இருக்கிறாரா என்பதைச் சொல்லாது. அட்டை தொலைந்துபோனவர் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று தேர்தல் ஆணையம் ஏற்கும் வேறொன்றைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். (ரேஷன் கார்டு அந்த வரிசையில் கிடையாது. பூத் சிலிப்பையும் 2019 முதல் தனி அடையாளமாக ஏற்பதில்லை.) பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இவற்றில் எதைக் காட்டினாலும் பயனில்லை.

இதை நாடறியக் காட்டிய நிகழ்வு 2019 மக்களவைத் தேர்தலில் பெங்களூருவில் நடந்தது. இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் ராகுல் திராவிட் அப்போது கர்நாடகத் தேர்தல் விழிப்புணர்வுப் பிரசாரத்தின் தூதர். எல்லோரும் தவறாமல் வாக்களிக்க வேண்டும் என்று அவருடைய படத்தோடு விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. ஏப்ரல் 18 அன்று அந்த நகரம் வாக்களித்தபோது அவரால் வாக்களிக்க முடியவில்லை. இந்திராநகரிலிருந்து நகரின் வேறொரு பகுதிக்கு அவர் வீடு மாறியிருந்தார். பழைய முகவரியிலிருந்து பெயரை நீக்கக் குடும்பத்தின் தரப்பில் படிவம் 7 கொடுக்கப்பட்டது, பெயரும் நீங்கியது. புதிய முகவரியில் சேர்ப்பதற்கான படிவம் 6 உரிய நாளுக்குள் போய்ச் சேரவில்லை. ஒரு காகிதம் கொடுத்தாகிவிட்டது, அதன் இணைக் காகிதம் நின்றுபோனது. அவருடைய அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. 2024 ஏப்ரல் 26 அன்று அதே நகரில் அவர் வரிசையில் நின்று வாக்களித்தார். அவ்வளவு பேர் கவனிக்கும் ஒருவருக்கே இது நேருமென்றால், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறும் வாடகைக் குடும்பத்துக்கு நேர்வதில் வியப்பில்லை.

அந்த இரட்டைப் படிவ முறை இப்போது இல்லை. 2022 ஆகஸ்ட் 1 முதல் படிவங்கள் மாற்றியமைக்கப்பட்டன. முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவருக்குப் படிவம் 6. வீடு மாறியவர் ஒரே தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்குப் போனாலும் படிவம் 8 ஒன்றே போதும். எழுத்துத் திருத்தம், புதிய அட்டை, மாற்றுத்திறனாளி எனக் குறிப்பது ஆகியவற்றுக்கும் அதுவே. நீக்கத்துக்கும் ஆட்சேபத்துக்கும் படிவம் 7. முன்பே பட்டியலில் இருப்பவர் வீடு மாறியதும் மறுபடி படிவம் 6 கொடுப்பது நல்லதல்ல. ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18 பிரிவுகள் சொல்கின்றன. முன்பு எங்கும் பதிவில்லை என்று பொய்யாக உறுதிமொழி எழுதிக் கொடுப்பது 31-ஆவது பிரிவின்படி ஓராண்டுவரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம்.

ஓட்டு பறிபோகும் நாளாக எல்லோரும் நினைப்பது வாக்குப்பதிவு நாளை. உண்மையில் அது சில வாரங்களுக்கு முன்பே போய்விடுகிறது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ கூடாது என்கிறது 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. அந்த நாள்வரை நேரமிருக்கிறது என்றும் எண்ணிவிட முடியாது. விண்ணப்பம் வந்தால் ஏழு நாள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும், நேரில் போய் விசாரிக்க வேண்டும். அதனால் வேட்புமனுக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வந்த விண்ணப்பங்களையே அந்தத் தேர்தலுக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் நாள்காட்டியை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு குறுகலான வாசல் என்று தெரியும். வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. அதற்குப் பத்து நாள் முன்பு என்றால் மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதோ மார்ச் 16, சனிக்கிழமை மாலை. ‘தேர்தல் அறிவிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்தவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். தெருவில் கொடிகள் ஏறி, ஒலிபெருக்கி வண்டிகள் வந்து, தேர்தல் வந்துவிட்டது என்று வீட்டுக்குள் இருப்பவருக்கே தெரியும்போது பட்டியல் மூடப்பட்டிருக்கும்.

18 வயதைத் தொடுகிறவர்களுக்கும் ஒரு நாள்காட்டி உண்டு. 1988-ஆம் ஆண்டின் 61-ஆவது அரசமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. 1989 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் வயதைக் கணக்கிடும் தகுதி நாள் நெடுங்காலம் ஜனவரி 1 மட்டுமே. ஜனவரி 2-இல் 18 நிறைந்தவர் ஓராண்டு காத்திருந்தார். 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாள்கள் வந்தன. 17 வயது நிறைந்தவரே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, மாற்றுச் சான்று என்று அலையும் வீடுகள் இந்தப் படிவத்தை அந்த அடுக்கில் சேர்ப்பதில்லை. அது வருந்தத்தக்கது. பத்தாம் வகுப்புச் சான்றிதழே இதற்கு வயதுச் சான்றாகப் போதும்.

பெயர் எப்படி விழுகிறது என்பதைப் பார்த்தால் பெரும்பாலும் கதை வீட்டில் தொடங்குகிறது. குடியிருந்தவர் காலி செய்துவிட்டார். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது எல்லோரும் பி.எல்.ஓ என்று சொல்லும் அலுவலர், சரிபார்க்க வருகிறார். அந்தப் பகுதி அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருக்கும் அவருக்கு இது கூடுதல் வேலை. கதவு பூட்டியிருக்கிறது, அல்லது புதிதாகக் குடிவந்தவர் ‘அவங்க போயிட்டாங்க’ என்கிறார். ‘இடம் பெயர்ந்தவர்’ என்று குறிப்பு விழுகிறது. நீக்குவதற்கு முன் அறிவிப்புக் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. பட்டியலில் முன்பே இருப்பவரை வாய்ப்புக் கொடுக்காமல் நீக்கக்கூடாது என்று 1995-இல் லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அறிவிப்புக் கடிதம் போவது பழைய முகவரிக்கு. வீடு மாறியவருக்கு அது சேராது. விதி அவரைக் காக்க எழுதப்பட்டது. அவர் இல்லாத வாசலில் அது நின்றுவிடுகிறது.

சொந்த ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு சென்னையிலோ கோவையிலோ வாழ்பவர்களின் நிலை இன்னும் சிக்கல். சட்டம் கேட்பது வழக்கமாக வசிக்கும் இடத்தை. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் அங்கே பதிவு பெறப் போதாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனதால் பதிவு போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பத்தாண்டாக நகரத்தில் குடும்பத்தோடு இருப்பது தற்காலிகமா என்ற கேள்விக்குப் பலரும் மனதளவில் ‘ஆமாம்’ என்றே பதில் சொல்வார்கள். ஊரின் மேல் உள்ள பற்று அது, குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே பெயர் விழுந்து, இங்கே சேர்க்கப்படாமலும் இருந்தால் இரண்டு ஊரிலும் அவருக்கு ஓட்டு இல்லை.

திருமணமாகிப் புகுந்த வீடு போகும் பெண்களின் பெயர் பிறந்த வீட்டுப் பட்டியலிலேயே தங்கிவிடுவது இன்னொரு வகை. தகப்பன் பெயர், கணவன் பெயர் என்று அடையாளம் மாறும் இடத்தில் பெண்களின் ஓட்டு நழுவுவது சுதந்திர இந்தியாவின் முதல் பட்டியலிலேயே தொடங்கியது. 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் வெளியாளிடம் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிந்தார்கள். பெயர் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். அவகாசம் கொடுத்தும் பெயர் வராததால் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடுமையான முடிவுதான். ஆனால் ஒரு பெண் தன் பெயராலேயே வாக்காளர் ஆக வேண்டும் என்ற நிலையை அது உறுதி செய்தது. அடுத்த தேர்தலில் அந்தத் தயக்கம் வெகுவாகக் குறைந்தது. இன்று அதே பெண்களின் பேத்திகள் தம் பெயரோடு பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் இருக்கும் பூத், அவர்கள் வாழும் ஊரில் இருக்க வேண்டும்.

எழுத்துப்பிழை பற்றிப் பலருக்கும் தேவையில்லாத பயம் உண்டு. முதலெழுத்து விடுபட்டது, கயல்விழி ‘கயல்விலி’ ஆனது, பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் மாறிக் கிடப்பது போன்ற சிறு பிழைகளுக்காக ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது, ஆள் அவர்தான் என்று தெரிந்தால் போதும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். வேறு தொகுதியில் வாங்கிய பழைய அட்டையைக்கூட அடையாளமாகக் காட்டலாம், இந்தப் பூத்தின் பட்டியலில் பெயர் இருந்தால். ஆனாலும் பிழையைத் திருத்திவிடுவதே நல்லது. இணையத்தில் பெயரைத் தேடும்போது பிழையான எழுத்து ‘இல்லை’ என்று காட்டிவிடும். பட்டியலை முழுதாகச் சரிபார்க்கும் தீவிரத் திருத்தத்தின்போது பழைய பட்டியலோடு ஒப்பிட முடியாமல் போகும்.

அந்த ஒப்பிடல் எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடு 2025-இல் நேரில் பார்த்தது. நவம்பர் 4 அன்று இங்கே வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், எல்லோர் வாயிலும் புழங்கிய எஸ்.ஐ.ஆர், தொடங்கியது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் பெயர் அச்சிட்ட கணக்கெடுப்புப் படிவம் வந்தது. 2002, 2005 ஆண்டுகளின் தீவிரத் திருத்தப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில் இருந்தது என்று தேடி நிரப்பி, கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டியிருந்தது. இருபது ஆண்டுக்கு முன் அப்பா எந்தத் தெருவில், எந்தப் பள்ளிக்கூடப் பூத்தில் ஓட்டுப் போட்டார் என்று வீடுவீடாக யோசித்தார்கள். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாக இருந்தது. 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம், இரட்டைப் பதிவுகள் 3 லட்சத்துக்குச் சற்று மேல். மீதி 66 லட்சத்துக்கும் அதிகமானவை முகவரியில் இல்லாதவர், இடம் மாறியவர் என்ற தலைப்பில் வந்தவை. இறந்தவர் பெயரை நீக்குவதும் இரட்டைப் பதிவைக் களைவதும் செய்ய வேண்டிய வேலை, அதில் தகராறில்லை. ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பெயர்களின் காரணம் முகவரி. எங்கோ உயிரோடு இருக்கும் மனிதர்கள், காகிதம் சொல்லும் வீட்டில் இல்லாதவர்கள்.

இப்படிப் பெயர் விழுவதை வாக்காளரின் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. பட்டியலைத் தயாரித்துச் சரியாக வைத்திருப்பது சட்டப்படி ஆணையத்தின் கடமை. பீகாரில் 2025-இல் இதே திருத்தம் நடந்தபோது 65 லட்சம் பெயர்கள் வரைவில் இல்லாமல் போயின. நீக்கப்பட்ட ஒவ்வொரு பெயரையும் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காரணத்தோடு பெயர் வெளியே வந்தால்தான் அக்கம்பக்கத்தார் பார்த்து உரியவருக்குச் சொல்ல முடியும். வாக்குச்சாவடிக்கு வந்து நிற்கும்போதுதான் தன் பெயர் இல்லை என்று ஒருவர் அறிகிறார் என்றால், அதற்கு முந்தைய மாதங்களில் அவருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஏதோ ஒரு கட்டத்தில் தகவல் அறுந்திருக்கிறது.

பூத்தில் வைத்து இதைச் சரிசெய்ய எந்த வழியும் கிடையாது. இதில் ஒரு வதந்தியும் ஒரு தவறான புரிதலும் மக்களை வீணாக அலையவிடுகின்றன. பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி, 49ஏ பிரிவில் ‘சேலஞ்ச் ஓட்டு’ கேட்கலாம் என்று 2019-இல் வாட்ஸ்அப்பில் பரவியது. அது தவறு. சேலஞ்ச் என்பது, வந்திருப்பவர் அந்தப் பெயருக்கு உரியவர் அல்ல என்று வேட்பாளரின் பூத் ஏஜெண்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் எழுப்புவது. இன்னொன்று 49பி. 2018-இல் வெளிவந்த ‘சர்கார்’ படத்தால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த விதி இது. தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், உரியவர் தன்னை நிரூபித்து வாக்குச்சீட்டில் டெண்டர் ஓட்டுப் போடலாம். அதற்கும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

பெயர் இருந்தும் வேறொரு காகிதத்தால் ஓட்டு போகிறவர்களும் உண்டு. 85 வயது நிறைந்தவர்களும் 40 சதவீத அளவுக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். அதற்குப் படிவம் 12டி-ஐ தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். 2024-இல் இங்கே அந்தக் கெடு மார்ச் 25-இல் முடிந்தது. படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு இந்த வசதி உண்டு என்று கெடு முடிந்த பிறகு தெரிந்துகொண்ட வீடுகளில் மிஞ்சுவது ஆற்றாமைதான். தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் படிவம் 12 கொடுத்துத் தபால் ஓட்டுப் பெற வேண்டும், அல்லது சொந்தத் தொகுதிக்குள் பணி என்றால் 12ஏ கொடுத்துப் பணிச் சான்றிதழோடு அந்தப் பூத்திலேயே வாக்களிக்கலாம். 2023-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பின் தபால் ஓட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பயிற்சி நாள்களில் அதற்கென அமைக்கும் மையத்தில்தான் போட வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ வழியாகப் பெயர் சேர்க்கலாம், ஆனால் வாக்குப்பதிவு நாளன்று அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தாக வேண்டும். துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைப்பவர்களுக்கு ஒரு ஓட்டின் விலை ஒரு விமான டிக்கெட் என்றாகிறது. திருப்பூரில் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளர் இருக்கும் இடத்திலிருந்தே ஊர்த் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றை 2023 ஜனவரியில் ஆணையம் கட்சிகளுக்கு விளக்க முன்வந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

முகவரிச் சான்றுதான் வாடகைதாரரை அலைக்கழிப்பது. மின்கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதியதாக இருக்கும். பதிவு செய்த ஒப்பந்தத்தைத்தான் படிவம் கேட்கிறது. இதற்கு எளிய வழி, வீடு மாறியதும் வங்கிப் பாஸ்புக்கிலோ ஆதாரிலோ முகவரியை மாற்றிவிடுவது. அந்த ஒன்றே படிவம் 8-க்குச் சான்றாகிறது. எந்தச் சான்றும் இல்லாதவருக்கும் வழி அடைபடவில்லை, பி.எல்.ஓ நேரில் வந்து விசாரித்துச் சேர்க்கலாம். வீடே இல்லாமல் நடைபாதையில் உறங்குபவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. படிவத்தில் சொன்ன இடத்தில் அவர் உறங்குகிறாரா என்று பி.எல்.ஓ இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது ஆணையத்தின் நடைமுறை. இந்த நாட்டின் நிர்வாக விதிகளில் இவ்வளவு மனிதத்தன்மையுள்ள ஒன்று அரிது.

ஒரு தெருவில் நாலைந்து வீட்டுப் பெயர்கள் விடுபட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவருக்குத் தமிழ்நாட்டின் எண்களே பதில் தரும். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி 49 ஓட்டு வித்தியாசத்தில் அறிவிக்கப்பட்டது. 2021-இல் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அதைவிட அதிகம்.

பெயர் நீக்கப்பட்டது தவறு என்றால் மாவட்ட ஆட்சியரிடம் 15 நாளுக்குள்ளும், அங்கே தீரவில்லை என்றால் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் 30 நாளுக்குள்ளும் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் காலம் கடந்தவரும் புதிதாகப் படிவம் 6 கொடுத்துச் சேரலாம். தேர்தல் நடவடிக்கைகள் முடிந்ததும் பட்டியல் மறுபடி திறந்துகொள்ளும். உள்ளாட்சித் தேர்தல்களின் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுவதால், இங்கே விடுபட்ட பெயர் பஞ்சாயத்து வார்டிலும் இருக்காது. ஓட்டர் ஐடி எண்ணை ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் இட்டாலோ, 1950 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்டாலோ பெயர் இருக்கிறதா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைப் படிக்கிறவர் தன் பெயரோடு நிறுத்தாமல், வீட்டிலிருக்கும் முதியவர்களின் பெயரையும், திருமணமாகிப் போன மகளின் பெயரையும், 17 நிறைந்த பிள்ளையின் பதிவையும் இந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.